அருள் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்

உக்குவளையில் என் தையல் கடைக்கு வருகிற பெண்கள் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் பேசாமல் போவதில்லை. அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நான் நிமிர்வதற்குள், “செல்வி, ஒங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்புடி?” என்று ஆரம்பிப்பார்கள். சிலர் பாவம் பார்த்துக் கேட்கிறார்கள். சிலர் கதை கேட்க வருகிறார்கள். இன்னும் சிலர் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் வந்து துணியைத் தப்பாக வெட்டிவிடுகிறேன்.

என் கணவர் சந்திரன் ஓட்டோ ஓட்டுகிறவர். ஸ்டேஷன் பக்கத்தில் நின்று ஹயர் பிடிப்பார். எங்களுக்கு ஒரு மகள். நல்ல மனுசன், வாயில்லாதவர், வீட்டில் பேச்செல்லாம் நான்தான். அப்படிப்பட்டவர் தூள் பாவிக்கப் பழகினார். தூள் என்றால் ஹெரோயின். சிங்களத்தில் குடு என்பார்கள். முதல் தடவை பிடிபட்டபோது நீதிமன்றத்தில் அபராதம் கட்டிவிட்டு வந்தோம். இரண்டாம் தடவை விளக்கமறியலில், அதாவது விசாரணை முடியும்வரை ஜெயிலில், போட்டார்கள். அங்கே தூள் இல்லாமல் இருந்து திருந்தி வருவார் என்று நான் நம்பினேன். உள்ளே போகும்போது அவருக்குத் தூள் விற்கிற ஆள் ஒருத்தனைத்தான் தெரியும். வெளியே வரும்போது பல பேரைத் தெரிந்திருந்தது. ரமேஷ் என்பவன் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவன்தான். மறியல் எங்களுக்குத் தந்த பரிசு அது.

மூன்றாம் தடவை பிடிபட்டால் லேசில் விடமாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் டொக்டரிடம் போகவும் பயம். ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னால் அங்கிருந்தே பொலிஸுக்குப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. யார் சொன்னார்கள், யாருக்கு நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் எங்கள் கோயில் திருவிழா வந்தது. என் மாமி, அதாவது அவருடைய அம்மா, ஒரு முடிவுக்கு வந்தார். “காப்புக் கட்டிருவோம் பிள்ள. காப்புக் கட்டுனவன் கள்ளு, சாராயம், கவுச்சி எதையும் தொடமாட்டான். ஆத்தா பாத்துக்குவா.”

எங்கள் ஆட்களுக்கு இது புரியும். திருவிழாவுக்கு மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கிற நாள்வரைக்கும் அந்த ஆள் வீட்டுக்காரன் இல்லை, அம்மனுடைய ஆள். பெரிய குடிகாரர்கள்கூட அந்த நாட்களில் பார் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். அவரும் மறுப்புச் சொல்லவில்லை. குளித்துவிட்டு ஈரவேட்டியோடு போய்க் கையை நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாமே இவ்வளவு நாள் இதை யோசிக்கவில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே மூக்கு ஒழுக ஆரம்பித்தது. கொட்டாவி மேல் கொட்டாவி. சளித் தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பின்னேரம் கோயிலுக்குப் போனபோது உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, வியர்த்து, கைகால் உதறியது. உடுக்கு அடிக்க ஆரம்பித்ததும் அந்த உதறல் கூடிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினார். கண்ணில் நீர் வடிந்தது.

யாரோ, “அடியே, சந்திரனுக்கு அருள் வந்திருச்சு!” என்று கத்தினார்கள்.

அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். மாமி ஓவென்று அழுதார். ஜென்மத்தில் ஒரு தடவைகூட என் கணவருக்கு அருள் வந்ததில்லை. எங்கள் அடுத்த வீட்டு ராசம்மா அக்கா முதல் ஆளாக ஓடிப்போய்க் காலில் விழுந்து, “தாயே, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம் கூடும்?” என்று குறி கேட்டார்.

என் கணவர் முனகினார். “கால் வலிக்குது.”

கூட்டம் அமைதியாகிவிட்டது. ஆத்தாளுக்கே கால் வலிக்கிறதென்றால் சும்மாவா? பூசாரி யோசித்துவிட்டு, “தூரத்துலருந்து நடந்து வந்திருக்கா. அப்ப மாப்பிள்ள தூரத்து ஊருன்னு அர்த்தம்” என்றார். ராசம்மா அக்காவுக்குத் திருப்தி. பிறகு வரிசையாக ஆட்கள் விழுந்தார்கள். எல்லாருக்கும் அவர் சொன்ன குறி ஒன்றுதான். கால் வலிக்குது. இடுப்பு வலிக்குது. தண்ணி குடு.

சிரிப்பாக இருக்கிறதா? நானும்தான் விழுந்தேன். என் புருசன் காலில் விழுந்து, என் புருசன் தூளை விடவேண்டும் என்று அவரிடமே கேட்டேன். “இவர எனக்குத் திருப்பிக் குடு தாயே” என்று அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கால் என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

தூள் பழகின உடம்புக்குத் தூளை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மறியலில் அவர் பட்ட பாட்டை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. டொக்டர் பிறகு விளக்கினார். மூக்கு ஒழுகும், வியர்க்கும், மயிர்க்கூச்செறியும், எலும்பைப் பிழிகிற மாதிரிக் கைகால் வலிக்கும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அந்தச் சில நாட்களைத் தாண்டுவதற்கு மருந்து உண்டு. நாங்கள் கொடுத்தது வேப்பிலை.

அருள் வந்த ஆள் என்று விரதம் இன்னும் கடுமையானது. வெறும் பால் பழம்தான். அதையும் வாந்தி எடுத்தார். வயிற்றால் போனது. அடுத்த நாள் முழுக்க அப்படியே. அதற்கும் அடுத்த நாள் காலையில் பால்குடத்துக்கு எழுப்பியபோது எழும்பவில்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய், நாக்குக் குழறியது. சிறுநீரே போகவில்லை என்று அப்போதுதான் சொன்னார். அவருடைய ஓட்டோவிலேயே அவரைப் படுக்கவைத்து, பக்கத்து வீட்டுத் தம்பியை ஓட்டச்சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வழியில் மாமி என் கையை இழுத்து அந்த மஞ்சள் கயிற்றின் மேல் வைத்தார். “தூளப் பத்தி வாயத் தொறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

“மாமி, டொக்டர் கேட்டா?”

“விரதம்னு சொல்லு. பொய்யா? இந்தத் தரம் உள்ள போனா எம் புள்ள பொணமாத்தான் வருவான். ஒம் மகளுக்கு அப்பன் வேணுமா வேணாமா?”

சத்தியம் பண்ணினேன். வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டு எங்களை வெளியே இருந்த நீள வாங்கில் உட்காரச் சொன்னார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த வாங்கில்தான் படித்தேன். கதவு திறக்கிறபோதெல்லாம் எழும்புவது, நம்மை இல்லை என்றதும் உட்காருவது. பக்கத்தில் ஒரு வயதான தோட்டத்துக் கிளாக்கரும், பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் நானாவும் இருந்தார்கள். அப்போது சிறைக்காவலர்கள் ஒருத்தனை விலங்கோடு தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். நாற்பது வயதிருக்கும், எலும்பும் தோலுமாக இருந்தான்.

“குடுகாரன்” என்றார் கிளாக்கர். “இவனுங்களத் தூக்குல போடணும். அப்பதான் நாடு உருப்படும்.”

நானா விடவில்லை. “தூக்குல போட்டா யாரு சார் மாட்டுவான்? விக்கிறவனா? இழுக்கிறவன்தான் மாட்டுவான். வெளிநாட்டுல சில எடத்துல இத குத்தம்னு பாக்கிறதில்லயாம், நோய்னு பாக்கிறாங்களாம். நம்ம ஊருல பாருக்கு லைசன்ஸ் குடுத்து தொறந்துதானே வெச்சிருக்காங்க?”

“இதையும் தொறந்து வெச்சா ஒங்க மகனும் போவான், நானா.”

எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. என் அப்பா லைசன்ஸ் போட்ட சாராயம் குடித்து, ஈரல் கெட்டுச் செத்தவர். அவருக்கு யாரும் விலங்கு போடவில்லை, வைத்தியமும் பார்க்கவில்லை. திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. மாமி என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் ஒரு இளம் பெண். சிங்களவர். தமிழும் கொஞ்சம் பேசினார். என் கணவரின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “கறுப்பு முழி பெரிசா இருக்கு. ஏதாவது மருந்து, போதை, பாவிக்கிறாரா?”

நான் மாமியைப் பார்த்தேன்.

“விரதம் நோனா” என்றார் மாமி. “காப்புக் கட்டியிருக்கான். அருள் வந்திச்சு.”

டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு எவ்வளவு விலை கொடுக்கவேண்டி வந்தது என்று இனிமேல் சொல்கிறேன்.

கையில் சேலைன் ஏற்ற ஊசி போட வந்த நர்ஸ் மிஸ், மஞ்சள் கயிற்றை வெட்டவேண்டும் என்றார். மாமி கட்டிலுக்குக் குறுக்கே விழுந்து தடுத்தார். கடைசியில் மற்றக் கையில் போட்டார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. அது சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளவேண்டிய ஒரு கழிவு. இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் களைத்துப்போய்விட்டது என்று அர்த்தம். உடம்பில் தண்ணீர் வற்றினால் அப்படி ஆகுமாம். ஆனால் இந்த உடம்பு வலியும் நடுக்கமும் எதனால் என்று அவர்களுக்குப் புரியவில்லை. டெங்கு பார்த்தார்கள். இல்லை. எலிக்காய்ச்சல் பார்த்தார்கள், வயலில் வேலை செய்தாரா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை. ஒரு பரிசோதனையை வெளியே செய்துவரச் சொல்லி, இரத்தக் குப்பியை என் கையில் கொடுத்தார்கள். அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு மத்தியான வெயிலில் ஓடினேன். எதைத் தேடுகிறார்களோ அதை வாயில் வைத்துக்கொண்டு, குப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வாட்டில் அவருக்கு அடுத்த கட்டிலில் அந்த விலங்கு போட்ட ஆளைப் போட்டிருந்தார்கள். பெயர் நிமல். தம்புள்ளைப் பக்கம். நிமோனியா. ஒரு கை கட்டில் கம்பியோடு பூட்டியிருக்கும். காவலர் கதவு பக்கம் கதிரையில் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் பார்வையாளர் நேரத்திலேயே நிமல் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான். “அக்கே, ஒங்க ஆளுக்கு இது காய்ச்சல் இல்ல. எனக்குத் தெரியும்.”

“ஒங்க வேலயப் பாருங்க” என்றேன்.

அவன் கோபப்படவில்லை. “நான் உள்ள இப்புடி கெடந்தப்ப தரையில ஒரு வாளி மட்டுந்தான் வெச்சாங்க. ஒங்க ஆளு கட்டில்ல கெடக்காரு. சொல்லுங்க அக்கே, மருந்து குடுப்பாங்க.”

மாமி நடுவில் வந்து முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டார். ஜெயில்காரன் கண் படக்கூடாதாம்.

சேலைன் ஏறஏற அவருக்குச் சிறுநீர் போனது. மஞ்சளும் இல்லாமல் தெளிவாகப் போகிறது என்று மிஸ் சொன்னதும் எங்களுக்குத் தேர் இழுத்த சந்தோசம். ஆனால் தூக்கம் இல்லை. கால் வலிக்கிறது என்று இரவு முழுக்கக் கட்டிலை உதைக்கிறார் என்று முறைப்பாடு வந்தது. பாவம், டொக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதி, பகலிலேயே ஒன்று கொடுக்கச் சொன்னார். உண்மை தெரிந்திருந்தால் எழுதுவதற்கு முன் யோசித்திருப்பார்.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரம். நாங்கள் உக்குவளையில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது கேட்டில் நல்ல கூட்டம். மாமியின் சோற்றுப் பையைக் காவலாளி சோதிக்க, மாமி அவரோடு மல்லுக்கட்ட, நேரம் போய்விட்டது. என் கணவரின் தங்கச்சியும் ராசம்மா அக்காவும் இன்னும் இரண்டு சொந்தக்காரர்களும் பின்னால் வந்தார்கள். வாட்டுக்குள் போனால் எங்களுக்கு முன்னால் ரமேஷ் அங்கே நிற்கிறான். சிரித்துக்கொண்டு, “இப்பதான் அண்ணன் தூங்குனாரு அண்ணி, எழுப்பிராதீங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய குறட்டை. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. எத்தன நாளைக்கிப் பொறவு தூங்குறான் பாரு.” எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று அவர் தூங்குவதைப் பார்த்தோம். நான் போர்வையை இழுத்துவிட்டேன். குறட்டை நின்று நின்று வந்தது.

நிமல் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தான். “அக்கே, அது தூக்கம் இல்ல.”

யாரும் திரும்பவில்லை. அவன் விலங்குக் கையைக் கட்டில் கம்பியில் அடிக்க ஆரம்பித்தான். டணார், டணார் என்று வாட்டே திரும்பியது. “மிஸ்! மிஸ்! இவரு மூச்சு விடல்ல! அந்தப் பையன் இவரக் கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போனான். நான் கண்டேன்!” காவலர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து அமுக்கினார். அவன் நிறுத்தவில்லை. அமுக்க அமுக்க அடித்தான்.

நான் அவர் முகத்தைத் திருப்பினேன். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மூக்குக்குக் கீழே வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மிஸ் ஓடிவந்தார், பின்னாலேயே அந்த டொக்டர். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்குப் பெரிதாக இருந்த கறுப்பு முழி இப்போது குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“என்ன எடுத்தாரு? சொல்லுங்க, நேரம் இல்ல. என்ன எடுத்தாரு?”

மாமி என் கையைப் பிடித்தார். நான் கையை உதறினேன்.

“தூள்!” என்று கத்தினேன். டொக்டருக்குப் புரியவில்லையோ என்று சிங்களத்தில் இன்னும் பலமாகக் கத்தினேன். “குடு, டொக்டர், குடு! குடு பாவிக்கிறாரு! ரொம்ப நாளா!”

வாட்டு முழுக்கக் கேட்டது. சொந்தக்காரர்களுக்குக் கேட்டது. ராசம்மா அக்காவுக்குக் கேட்டது. எங்கள் குடும்ப மானத்தை நான் அந்த ஒரு சொல்லில் கொட்டிவிட்டேன். எனக்கு வெட்கமே வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. செத்துப்போய்விடாதே, செத்துப்போய்விடாதே என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

எங்களை வெளியே தள்ளித் திரையை இழுத்தார்கள். ஒரு பையை முகத்தில் வைத்து மூச்சை அமுக்கி உள்ளே அனுப்பினார்கள். நெலொக்சோன் என்று ஒரு ஊசி போட்டார்கள். டொக்டர் பிறகு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். தூள் மூளையில் போய் ஒரு இடத்தில் உட்கார்ந்து, மூச்சு விடு என்கிற கட்டளையை நிறுத்திவிடும். இந்த ஊசி தூளை அந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்காரும். ஆனால் ஊசியின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், தூள் இன்னும் உடம்பில் இருக்கும். அதனால் கண் விழித்துவிட்டார் என்று விட்டுவிடக்கூடாது, பக்கத்திலேயே இருந்து பார்க்கவேண்டும். சில நாள் விட்டிருந்தாலே உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதோடு தூக்க மாத்திரையும் சேர்ந்துவிட்டது. “அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்த மாத்திரைய குடுத்திருக்கமாட்டேன்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊசி போட்டதும் அவர் திடுக்கென்று விழித்து, மிஸ்ஸைப் பார்த்துத் தூசணத்தால் ஏசினார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் வாயில் நான் கேட்காத சொற்கள். திரைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டு, மாமியும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். அவ்வளவு சந்தோசமாக நான் ஏச்சுக் கேட்டதில்லை.

பயந்தது நடந்தது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து முடிச்சில் இன்னொரு தூள் பொட்டலம் இருந்தது. அதை மிஸ் ஒளிக்க முடியாது. ஆஸ்பத்திரிப் பொலிஸிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பெயர், விலாசம், முன்னால் வழக்கு உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். இனிமேல் எதை மறைப்பது? “மூணாவது தரமா?” என்று அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். டொக்டர் அங்கேயே நின்றார். “நீங்க ஒங்க ரிப்போர்ட்ட எழுதுங்க. நான் என்னோடத எழுதுறேன். இவருக்கு நோய் இருக்கு, அதுக்கு வைத்தியம் இருக்கு, வைத்தியம் தொடங்கிட்டோம். நீதவான் ரெண்டையும் படிக்கட்டும்.” ரமேஷை அதற்குப் பிறகு நான் காணவில்லை. அவனைப் பிடித்தார்களா என்றும் தெரியாது. இழுக்கிறவன்தான் மாட்டுவான் என்று வாங்கிலிருந்த நானா சொன்னது ஞாபகம் வந்தது.

சரியான மருந்து தொடங்கியதும் கால் உதைப்பது குறைந்தது. மனநல டொக்டர் ஒருவரும் வந்து கட்டிலருகே கதிரையைப் போட்டுப் பேசினார். எவ்வளவு, எப்போதிருந்து, எதற்காக என்று கேட்டார். அந்த ‘எதற்காக’ என்ற கேள்வியை இதுவரை பொலிஸும் கேட்டதில்லை, நீதிமன்றமும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நான் எப்போதும் “ஏன் இப்படிப் பண்றீங்க” என்றுதான் கத்தியிருக்கிறேன். அது கேள்வி இல்லை.

மாமியிடம் ஒரு மாற்றம். மறுநாள் சோற்றுப் பார்சல் கூடுதலாக ஒன்று கட்டிக்கொண்டு வந்தார். நிமலின் கட்டிலில் போய் உட்கார்ந்து, காவலரிடம் கேட்டுவிட்டு, பருப்பும் சோறும் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தார். அவனுடைய ஒரு கைதான் சும்மா இருந்தது, அதிலும் ஊசி. மாமிக்குச் சிங்களம் அரைகுறை. “கன்ன புதா, கன்ன” என்று சொல்லிக்கொண்டே ஊட்டினார். தின்னு மகனே என்று அர்த்தம். அவன் தலையைக் குனிந்துகொண்டு தின்றான்.

நிமலுக்கு முதலில் டிக்கட் வெட்டினார்கள். எங்கள் பேச்சில் அது வீட்டுக்குப் போகலாம் என்ற உத்தரவு. அவனுக்கு மட்டும் அது ஜெயிலுக்குப் போகிற உத்தரவு. டொக்டர் அவனுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். காவலர் அதை மடித்துப் பைலுக்குள் வைத்தார். யார் படிப்பார்கள், படிப்பார்களா என்று தெரியாது. போகும்போது நிமல் என்னைப் பார்த்து, “அக்கே, இவருக்கு க்ளினிக் துண்டு குடுத்திருக்காங்க இல்லையா? தவற விடாதீங்க” என்றான். ஒரே தூள், ஒரே வாட்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். என் புருசன் மூச்சு விடுவது அவன் அடித்த அடியால். அவன் விலங்கோடு படி இறங்கினான். இப்போதும் அதை நினைத்தால் மெஷினை நிறுத்திவிடுவேன்.

எங்கள் வழக்கில் நீதவான் டொக்டரின் கடிதத்தை முழுக்கப் படித்தார். க்ளினிக்குக்கு ஒழுங்காகப் போகவேண்டும், ஆலோசகரிடம் போகவேண்டும், போனதற்கு ஒவ்வொரு தவணையும் கடிதம் காட்டவேண்டும். ஒரு தரம் தவறினாலும் உள்ளேதான். இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது. இது மன்னிப்பு இல்லை, ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்னால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள் என்ற பேச்சை இனி என் கடையில் யாரும் பேசக்கூடாது. அவரைப் பொலிஸில் மாட்டிவிட்டது ரமேஷின் பொட்டலம். அவரைச் சாகவிடப் பார்த்தது எங்கள் பொய்.

காப்பு அவிழ்க்கவேண்டும். திருவிழா எப்போதோ முடிந்திருந்தது. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பூசாரி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது ராசம்மா அக்கா ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மகளுக்குப் பதுளையில் இடம் கூடிவிட்டதாம். தூரத்து மாப்பிள்ளை. ஆத்தா சொன்ன மாதிரியே. வாட்டில் நான் கத்தியதைக் காதாரக் கேட்டவர்தான். இருந்தாலும் அவருக்கு அது வேறு, இது வேறு. மறுபடியும் காலில் விழக் குனிந்தார்.

என் கணவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “விழாதீங்க அக்கா. அன்னைக்கி அது ஆத்தா இல்ல. தூள் இல்லாம என் ஒடம்பு ஆடுனது.”

கோயிலில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அந்தச் சொல்லை நான்தான் ஊருக்கு முன்னால் சொல்லியிருந்தேன். அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். ராசம்மா அக்கா நிமிர்ந்து, “சரி தம்பி, கல்யாணத்துக்கு வந்திருங்க” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் என்னிடம் சொன்னார். “நீயும் அன்னைக்கி கால்ல விழுந்து கேட்டதானே, செல்வி. இவர எனக்குத் திருப்பிக் குடுன்னு.”

நான் அவர் பக்கம் திரும்பினேன். “கேட்டிச்சா?”

“நல்லா கேட்டிச்சு. அங்க ஆத்தா இல்ல, நான்தானே இருந்தேன்.”

“அப்ப எனக்குக் குறி சொல்லல்லயே நீங்க. கால் வலிக்குதுன்னுதானே சொன்னீங்க. இப்ப சொல்லுங்க.”

அவர் வாசல் வரைக்கும் வந்துவிட்டு, “வெள்ளிக்கிழம க்ளினிக். காலையில எழுப்பிவிடு” என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எழுப்பப் போனேன். பாயில் ஆள் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ரமேஷ், ஸ்டேஷன், கக்கூஸ் என்று ஒரே நொடியில் எல்லாம் ஓடியது. வாசலுக்கு ஓடினேன். அவர் அங்கே படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை போட்டு, தலை வாரி, க்ளினிக் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

“கால் வலிக்குதா இன்னும்?” என்று கேட்டேன்.

“வலிக்குது” என்றார். “நடக்கலாம்.”